ஒரே பாக்கெட்டில் முடங்கும் ரிலேக்களும் பிஎல்சிகளும்: தொழிற்சாலை நெறிமுறைகளில் சேவை முடக்கப் பலவீனங்களைக் கையாளும் வழி

2016 டிசம்பர் 17 நள்ளிரவை ஒட்டி, உக்ரைன் தலைநகர் கீவுக்கு அருகில் பிவ்னிச்னா துணைமின் நிலையத்தின், மின்பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர்கள் அடுத்தடுத்துத் திறந்தன. நகரின் மின்தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இல்லாமல் போயிற்று. இதைச் செய்த இண்டஸ்ட்ராயர் என்ற மால்வேருக்குள் பலருடைய கண்ணில் படாத ஒரு சிறிய கருவி இருந்தது. சீமென்ஸ் சிப்ரோடெக் பாதுகாப்பு ரிலேக்களின் (லைனில் பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிகள்) யூடிபி போர்ட் 50000-க்கு 18 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்புவது மட்டுமே அதன் வேலை. பலவீனமுள்ள ரிலே அதை வாங்கினால், யாராவது நேரில் போய் ரீபூட் செய்யும்வரை எந்தக் கட்டளைக்கும் பதில் தராது.

பொதுப் பலவீனப் பட்டியலான சிவிஇ-யில் அந்தப் பலவீனத்தின் எண் சிவிஇ-2015-5374. ரிலேக்குள் செருகப்படும் இஎன்100 தகவல்தொடர்பு மாட்யூலில் அது இருந்தது. சீமென்ஸ் அதைச் சரிசெய்து ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 4.25-ஐ 2015 ஜூலையிலேயே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு முன் பதினேழு மாதம் இருந்தது. மால்வேரை எழுதியவர்கள் ஐபி முகவரிகளின் பைட் வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டதால் அந்தப் பாக்கெட்டுகள் ரிலேக்களைச் சென்றடையவில்லை. சென்றிருந்தால், ஊழியர்கள் பிரேக்கரைக் கையால் மூடி மின்சாரத்தை மீட்டபோது அந்த லைன்களில் பாதுகாப்பு இல்லாமல் போயிருக்கும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் இந்த நிகழ்விலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும்: முடங்கிய கருவி தானாக எழுமா, எழும்வரை ஆலையில் என்ன நடக்கும்? பலவீனத்துக்குத் தரப்படும் மதிப்பெண்ணைவிட இந்தப் பதில்தான் எதை முதலில் சரிசெய்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவை.

படி 1: கருவிகளின் பட்டியலைத் தயாரியுங்கள்

ஒவ்வொரு கருவிக்கும் ஐந்து விவரம் வேண்டும்: மாடல் எண், முதன்மை சிபியூவின் ஃபர்ம்வேர் பதிப்பு, தகவல்தொடர்பு மாட்யூலின் ஃபர்ம்வேர் பதிப்பு, திறந்திருக்கும் போர்ட்டுகள், தொடர்பு அறுந்தால் அதன் அவுட்புட்டுகள் போகும் நிலை. இரண்டு ஃபர்ம்வேர்களையும் தனித்தனியாக எழுதுவது முக்கியம். மேலே சொன்ன ரிலேயில் பார்க்க வேண்டியது இஎன்100-இன் பதிப்பு. ரிலேயின் சொந்தப் பதிப்பை மட்டும் குறித்து வைத்திருப்பவர் அந்தப் பலவீனம் பற்றிய சீமென்ஸின் அறிவிப்பைப் படித்துவிட்டு, தனக்குப் பொருந்துமா என்று தெரியாமல் நிற்பார்.

பட்டியல் எடுப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஸ்கேன் செய்யாதீர்கள். ஒரு நெட்வொர்க்கில் பிங் அனுப்பிக் கருவிகளைத் தேடியபோது, அமைதியாக நின்றிருந்த ரோபோ கை ஒன்று 180 டிகிரி சுழன்ற நிகழ்வை அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி தனது 800-82 வழிகாட்டியில் பதிவு செய்திருக்கிறது. விவரங்களை இன்ஜினியரிங் சாஃப்ட்வேரின் ப்ராஜெக்ட் ஃபைலிலிருந்து எடுங்கள். ஸ்விட்ச்சின் முகவரி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஸ்விட்ச்சில் மிரர் போர்ட் (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) ஒன்றை அமைத்து, பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் மென்பொருளில் குறைந்தது ஒரு வாரப் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்க மட்டும் இணையும் கணினிகள் உண்டு. அவற்றையும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபயர்வால் விதி எழுதும்போது முதலில் அடிபடுவது அவைதாம்.

படி 2: பலவீனம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான சேவை முடக்கப் பலவீனங்கள் (கருவியை வேலை செய்யவிடாமல் நிறுத்தும் குறைகள்), பாக்கெட் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணைக் கருவி சரிபார்க்காமல் நம்புவதில் தொடங்குகின்றன. தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் டிசிபி நெறிமுறையில் இதை எளிதாகப் பார்க்கலாம். போர்ட் 502-க்குப் போகும் ஒரு சாதாரணக் கோரிக்கையின் பன்னிரண்டு பைட்டுகள், தசம எண்களில்:

0 1 | 0 0 | 0 6 | 1 | 3 | 0 0 | 0 10

முதல் இரண்டும் கோரிக்கை எண். அடுத்த இரண்டும் நெறிமுறை எண். அது எப்போதும் பூஜ்யம். மூன்றாவது ஜோடி, இதற்குப் பிறகு 6 பைட் வருகிறது என்கிறது. பிறகு யூனிட் எண் 1. செயல் எண் 3, அதாவது ரெஜிஸ்டர்களை (கருவி மதிப்புகளை வைத்திருக்கும் இடங்கள்) படி. எங்கிருந்து? முகவரி 0. எத்தனை? 10.

இனி ஒவ்வோர் எண்ணையும் மாற்றிப் பாருங்கள். நீளம் 6 என்று சொல்லிவிட்டு 5 பைட் மட்டும் வந்தால், ஆறாவது பைட்டுக்காகக் கருவி எவ்வளவு நேரம் காத்திருக்கும்? டைம்அவுட் எழுதப்படாவிட்டால் அந்த டாஸ்க் அங்கேயே நின்றுவிடும். நீளம் 0 என்று வந்தால், யூனிட் எண்ணுக்கான ஒரு பைட்டைக் கழிக்கும்போது குறியில்லாத 16 பிட் எண்ணில் விடை 65535 ஆகிவிடும். மாட்பஸ் டிசிபி செய்தியின் மொத்த உச்சவரம்போ 260 பைட்தான். ரெஜிஸ்டர் எண்ணிக்கை 125-ஐத் தாண்டினாலோ பூஜ்யமாக இருந்தாலோ கருவி பிழைக்குறி 3-ஐத் திருப்ப வேண்டும். முகவரி 65535-இல் தொடங்கி 10 ரெஜிஸ்டர் கேட்டால் பிழைக்குறி 2. இவை எல்லாம் விவரக்குறிப்பில் தெளிவாக இருக்கின்றன. செயல்படுத்தியவர் ஓரிடத்தில் விட்டுவிட்டால் அங்கே கருவி முடங்குகிறது.

மின்துறையில் களக்கருவிகளோடு பேசப் பயன்படும் டிஎன்பி3 நெறிமுறையில் இதே வகைத் தவறு இன்னும் ஆழமானது. அதன் ஃபிரேம் 5, 100 என்ற இரு பைட்டுகளோடு தொடங்கும். ஒவ்வொரு 16 பைட் தரவுக்கும் இரண்டு பைட் சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) உண்டு. புதியவர்கள் பலர் இந்த சிஆர்சியைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது லைனில் ஏற்படும் இரைச்சலைக் கண்டுபிடிக்க மட்டுமே. கெட்ட செய்திக்கும் சரியான சிஆர்சியை யாரும் கணக்கிட்டுச் சேர்க்கலாம். உள்ளே, "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரையுள்ள புள்ளிகள்" என்று 32 பிட் வரம்பைக் குறிக்க வழி இருக்கிறது. தொடக்கம் 0, முடிவு 4294967295 என்று வந்தால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டும் கணக்கு 32 பிட்டில் சுழன்று பூஜ்யமாகிவிடும். முடிவு எண்ணைத் தாண்டும்வரை எண்ணிக்கொண்டே போகும்படி லூப் எழுதியிருந்தால் அது முடியவே முடியாது, ஏனென்றால் 32 பிட்டில் அதைவிடப் பெரிய எண் கிடையாது.

2013-இல் ஆடம் கிரெய்ன், கிறிஸ் சிஸ்ட்ரங்க் இருவரும் பல நிறுவனங்களின் டிஎன்பி3 மென்பொருள்களை வரிசையாகச் சோதித்து இப்படிப்பட்ட பலவீனங்களை வெளிக்கொணர்ந்தார்கள். அதில் பலரையும் உலுக்கியது திசை. களத்திலிருந்து தரவு அனுப்பும் ஆர்டியூ கருவி மட்டுமல்லாமல், அதைக் கேட்டு வாங்கும் கன்ட்ரோல் ரூமிலுள்ள மாஸ்டரும் கெட்ட பதில் ஒன்றுக்கு விழுந்தது. ஊருக்கு வெளியே பூட்டில்லாத பெட்டியில் இருக்கும் ஒரு சீரியல் லைனைத் தொட முடிந்தவர் மையத்தையே முடக்கலாம் என்று அதற்குப் பொருள். சீரியல் லைனில் ஃபயர்வால் கிடையாது. ஆகவே உங்கள் பட்டியலில் சீரியல் இணைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் ஒரு தவறும் இல்லாமலும் முடக்கம் நடக்கும். பல பிஎல்சிகள் (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகள்) ஒரே நேரத்தில் ஏற்கும் டிசிபி இணைப்புகள் கைவிரல் எண்ணிக்கையை ஒட்டியே இருக்கும். மூடாமல் விட்ட லேப்டாப், ரீபூட் ஆன ஃபயர்வால் ஆகியவை பாதி அறுந்த இணைப்புகளை விட்டுப்போகும். அந்த இடங்கள் நிரம்பியதும் ஆலையைக் கண்காணித்து இயக்கும் உண்மையான ஸ்காடாவுக்கு இடம் இருக்காது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் நேரம் இரண்டு மணி என்று விடப்பட்டிருந்தால் இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கும். மின்துறையின் ஐஇசி 60870-5-104 நெறிமுறையில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது: போக்குவரத்தே இல்லாமல் 20 வினாடி போனால் சோதனைச் செய்தி, அதற்கு 15 வினாடியில் பதில் வராவிட்டால் இணைப்பு முறிப்பு. இவை இயல்பு மதிப்புகள். யாராவது உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நெறிமுறையே அனுமதிக்கும் முடக்கமும் உண்டு. சீரியல் மாட்பஸில் செயல் எண் 8, துணைச் செயல் 4 வந்தால் கருவி கேட்க மட்டும் செய்யும். எதற்கும் பதில் தராது. இதற்குப் பேட்ச் கிடையாது, வழியை அடைப்பதுதான் தீர்வு.

தாக்குபவரே இல்லாத வெள்ளமும் கருவிகளைக் கவிழ்க்கும். 2006 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில், நெட்வொர்க் போக்குவரத்து மிகுந்து, மறுசுழற்சி பம்புகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பதிலளிக்காமல் போயின. பம்புகள் நின்றன, ஊழியர்கள் உலையைக் கையால் நிறுத்த வேண்டியதாயிற்று.

படி 3: அறிவிப்பைப் படிக்கும் முறை

சேவை முடக்கப் பலவீனம் ஒன்றுக்கு, நெட்வொர்க் வழியாக, கடவுச்சொல் இல்லாமல், எளிதாகத் தாக்கலாம் என்ற நிலையில், பலவீனங்களின் தீவிரத்தை 10-க்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் முறையின் 3.1 பதிப்பு தரும் மதிப்பெண் 7.5. ரகசியம் கசியவில்லை, தரவு மாறவில்லை, கிடைக்கும்தன்மை மட்டும் முழுதாகப் போகிறது என்று அதற்குப் பொருள். ஐந்து வினாடியில் தானாக மீளும் பிரிண்டர் சர்வருக்கும், நேரில் போய் ரீபூட் செய்ய வேண்டிய ரிலேக்கும் அதே 7.5 விழும். 9-க்கு மேல் மட்டும் உடனே சரிசெய்வது என்று அலுவலகக் கணினிப் பிரிவு வைத்திருக்கும் விதியை ஆலைக்குள் கொண்டுவருவது இதனால்தான் ஆபத்து. 2023 நவம்பரில் வந்த சிவிஎஸ்எஸ் 4.0-இல் மீட்சி என்றே ஒரு கூடுதல் குறியீடு இருக்கிறது: தானாக மீள்வது, ஆள் தலையிட்டு மீட்பது, மீட்கவே முடியாதது. ஆனால் அது மதிப்பெண்ணை மாற்றாது. அதை நிரப்புவதும் கட்டாயமில்லை.

ஆகவே மதிப்பெண்ணைக் கடந்து வாசகங்களைப் படியுங்கள். "கைமுறை ரீபூட் தேவைப்படலாம்" என்ற வரி இருந்தால் அந்த அறிவிப்பை மேலே தூக்கி வையுங்கள். "பழுது நிலைக்குச் செல்லும்" என்றால் இன்னும் மேலே; ரீபூட்டுக்குப் பிறகு புரோகிராமை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கலாம். "அதே ஈதர்நெட் பிரிவில் இருப்பவர்" என்று வந்தால் அது ஐபிக்குக் கீழே ஈதர்நெட் இயங்கும் இரண்டாம் அடுக்குப் பிரச்சினை, ஐபி ஃபயர்வால் உதவாது. புரோஃபிநெட் என்ற தொழிற்சாலை நெறிமுறையில் கருவிகளைத் தேடும் செய்தியில் இருந்த சிவிஇ-2017-2680 அத்தகையது.

பெயர்ப்பலகையில் இருக்கும் நிறுவனத்தை மட்டும் தேடுவது போதாது. 2019 ஜூலையில் வெளியான அர்ஜெண்ட்/11 என்ற பதினொரு பலவீனங்கள், விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் பயன்பட்ட டிசிபி அடுக்கில் இருந்தவை. அந்த அடுக்கை வாங்கிப் போட்ட ஏராளமான நிறுவனங்களின் கருவிகள் பாதிக்கப்பட்டன. கருவி விற்றவரிடம் உள்ளே எந்த நூலகங்கள் இருக்கின்றன என்று எழுத்தில் கேளுங்கள். புதிய கொள்முதல் என்றால் டெண்டரிலேயே கேட்பது நல்லது. வாங்கிய பிறகு பதில் கிடைப்பது கடினம்.

படி 4: மேசையில் சோதித்துப் பாருங்கள்

ஆலையில் ஓடும் கருவியில் வேண்டவே வேண்டாம். ஸ்பேர் ஒன்றை எடுத்து, அதே ஃபர்ம்வேர் ஏற்றி, வெளி நெட்வொர்க்கோடு எந்த இணைப்பும் இல்லாத மேசையில் வையுங்கள். தேவையானவை: 24 வோல்ட் டிசி சப்ளை, மிரர் போர்ட் வசதியுள்ள ஸ்விட்ச், அனுப்ப ஒரு லேப்டாப், பதிவு செய்ய இன்னொன்று, ஓர் ஆசிலாஸ்கோப் அல்லது லாஜிக் அனலைசர். புரோகிராமின் நகலை முதலில் எடுத்து வையுங்கள்.

பிஎல்சியில் ஒரு சிறு புரோகிராம் ஏற்றி, ஒரு டிரான்சிஸ்டர் அவுட்புட்டை 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை மாறச் செய்யுங்கள். அந்த அலையை ஸ்கோப்பில் பாருங்கள். நெட்வொர்க் தொந்தரவு கட்டுப்பாட்டு வேலையைத் தொடுகிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. பிங்குக்குப் பதில் வருகிறது என்பதால் கருவி நலமாக இருக்கிறது என்று ஆகாது. நெட்வொர்க் அடுக்கு உயிரோடிருக்க, அலை 100-இலிருந்து 300 மில்லிவினாடிக்கு இழுபடலாம். பிங் நின்றுபோனாலும் அலை அசையாமல் ஓடலாம். அப்போது முடங்கியது தொடர்பு மட்டுமே என்று நிம்மதியாக எழுதிவைக்கலாம்.

முதலில் வேகத்தைச் சோதியுங்கள். சரியான கோரிக்கைகளையே வினாடிக்கு 10, 100, 500, 1000 என்று உயர்த்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பிறகு புலங்களைச் சோதியுங்கள். பூஃபஸ் போன்ற ஃபஸ்ஸர் (கெட்ட செய்திகளை உருவாக்கி அனுப்பும் மென்பொருள்) இதற்குப் போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புலத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் பிறகு ஒரு நல்ல கோரிக்கையை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். இந்த உயிர்ச்சோதனையை விட்டுவிட்டுப் பத்தாயிரம் செய்திகளைக் கொட்டினால், கருவியைக் கவிழ்த்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

கருவி விழுந்ததும் அவசரப்படாமல் நான்கு விஷயங்களை எழுதுங்கள். அவுட்புட் என்ன ஆயிற்று: அணைந்ததா, கடைசி மதிப்பில் உறைந்ததா? வாட்ச்டாக் (உறைந்த கருவியைத் தானாக ரீபூட் செய்யும் டைமர்) எத்தனை வினாடியில் மீட்டது? மீட்காவிட்டால், பவரை அணைத்துப் போட்டதும் வந்ததா? வந்தபோது புரோகிராமும் ஐபி முகவரியும் இருந்தனவா? ஒவ்வொரு ரீபூட்டிலும் அவுட்புட்டுகள் ஒரு கணம் பூஜ்யமாகும் கருவிகளில், வாட்ச்டாக்கின் மீட்பே பம்பைத் தட்டித் தட்டி ஓட்டும் நிலையை உண்டாக்கும். மோட்டாருக்கு அது நல்லதல்ல.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் வேக டிரைவ்களைத் தனியாகக் கவனியுங்கள். தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு பாராமீட்டர்: ட்ரிப் ஆகலாம், கடைசி வேகத்தில் தொடரலாம், முன்பே குறித்த வேகத்துக்குப் போகலாம். எது சரி என்பதை அந்தப் பம்பு எதை ஓட்டுகிறதோ அதுதான் சொல்லும். குளிர்நீர் பம்பு தொடர வேண்டும்; அமிலம் செலுத்தும் பம்பு நிற்க வேண்டும். இதை மின்பிரிவோடும் ப்ராசஸ் பிரிவோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

படி 5: வழியை அடைத்துவிடுங்கள்

பேட்ச் வரும்வரை, சில கருவிகளுக்கு வராமலே போனாலும், பாதுகாப்பு இதுதான். போர்ட் 502-ஐத் தொட வேண்டிய முகவரிகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றை மட்டும் அனுமதியுங்கள். இன்ஜினியரிங் போர்ட்டுகளை எப்போதும் மூடி, வேலையின்போது மட்டும் திறங்கள். யூடிபி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுத முடியும். உள்முகவரியைச் சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை எல்லையிலேயே வீழ்த்தும் விதி தேவை.

ஸ்விட்ச்சில் புயல் கட்டுப்பாட்டை (பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு வைக்கும் வசதி) இயக்குங்கள். ஆனால் அளக்காமல் எண் போடாதீர்கள். ஐஇசி 61850 தரநிலையில் இயங்கும் துணைமின் நிலையத்தில், ரிலேக்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் கூஸ் என்ற அவசரச் செய்திகள் மல்டிகாஸ்ட்டாக, அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகின்றன. அமைதியான நேரத்தில் அவை அரிதாக வரும்; லைனில் பழுது வந்த நொடியில் ஒரே செய்தி மில்லிவினாடி இடைவெளிகளில் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். அமைதி நேரத்தை அளந்து வரம்பு வைத்தால், ட்ரிப் கட்டளை போக வேண்டிய அதே கணத்தில் ஸ்விட்ச் அதை வெட்டும். பல ரிலேக்கள் ஒருசேரச் செயல்படும் சோதனையை ஓட்டி, அந்த உச்சத்தை அளந்து, அதற்கு மேல் வரம்பை வையுங்கள்.

காவலுக்கு வைக்கும் பெட்டியும் விழும் என்பதை மறக்க வேண்டாம். 2019 மார்ச் 5 அன்று, அமெரிக்காவில் காற்றாலை, சூரிய மின்நிலையங்களை நடத்தும் எஸ்பவர் நிறுவனத்தின் ஃபயர்வால்கள், ஏற்கெனவே தெரிந்த ஒரு பலவீனத்தால் ஏறக்குறைய பத்து மணி நேரம் விட்டு விட்டு ரீபூட் ஆயின. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாகக் கட்டுப்பாட்டு மையம் நிலையங்களைப் பார்க்க முடியாமல் போயிற்று. ஊடுருவலைக் கண்டறியும் ஸ்னார்ட் மென்பொருளின் மாட்பஸ் பகுதியிலேயே முடிவில்லா லூப்புக்கு இட்டுச்செல்லும் பலவீனம் இருந்தது. அதன் எண் சிவிஇ-2022-20685. மாட்பஸைப் பிரித்துப் படிக்கும் எந்த நிரலும் பிஎல்சி செய்யும் அதே தவறைச் செய்யலாம். ஆகவே முடிந்தவரை கண்காணிப்பை மிரர் போர்ட்டில் வையுங்கள். அது விழுந்தாலும் கட்டுப்பாடு ஓடும்.

படி 6: ஃபர்ம்வேர் ஏற்றுவது

ரிலே என்றால் அது காக்கும் ஃபீடரை (மின் விநியோக லைன்) சேவையிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது பேக்அப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். செட்டிங் ஃபைலை முன்பும் பின்பும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏற்றிய பிறகு செகண்டரி இன்ஜெக்‌ஷன் சோதனை (பழுதைப் போன்ற மின்னோட்டத்தை ரிலேக்குள் செலுத்திப் பார்ப்பது) செய்யாமல் சேவைக்குத் திருப்ப வேண்டாம். ஒரே மாடலில் இருபது இருந்தால், முக்கியம் குறைந்த ஒன்றில் முதலில் ஏற்றி, சில வாரம் ஓடவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மேசையில் கருவியைக் கவிழ்த்த அதே பாக்கெட் பதிவைப் புதிய ஃபர்ம்வேருக்கும் அனுப்பிப் பார்ப்பது அவசியம். ஒரு புலத்தைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்துப் புலத்தை விட்டுவிடுவது நடக்கிறது.

படி 7: ஓடும் ஆலையில் விழுந்துவிட்டால்

திரையை நம்பாதீர்கள். பல ஸ்காடா திரைகள் தொடர்பு அறுந்த பிறகும் கடைசி மதிப்பைக் காட்டும். லோக்கல் பேனலுக்கு ஆளை அனுப்பி, பிரேக்கர் நிலையையும் அழுத்தத்தையும் மட்டத்தையும் நேரில் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கருவி மட்டும் விழுந்ததா, எல்லாமே மந்தமானதா என்று அடுத்துப் பாருங்கள். எல்லாம் மந்தம் என்றால் ஸ்விட்ச் போர்ட்டுகளின் பிராட்காஸ்ட் கணக்கைப் பாருங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் எண் தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தால் அந்தக் கேபிளை எடுங்கள். ஒரு கருவி மட்டும் என்றால், கை பவர் சுவிட்சுக்குப் போவதற்கு முன் எல்இடிகளைப் படம் எடுங்கள், மிரர் போர்ட் பதிவைச் சேமியுங்கள், நேரத்தைக் குறியுங்கள். பவரை அணைத்தால் கருவியின் நினைவிலிருக்கும் தடயம் போய்விடும்.

பிறகு நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். கேபிளோடு ரீபூட் செய்தால், அதே பாக்கெட் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது எழுந்த கருவி மறுபடி விழும். வன்பொருள் பழுது என்று தவறாக நினைத்து நல்ல ஸ்பேரையும் அதே கேபிளில் மாட்டி அதையும் இழப்பார்கள். கேபிள் இல்லாமல் பத்து நிமிடம் நிலையாக ஓடி, புரோகிராம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, மாஸ்டருடைய முகவரியை மட்டும் அனுமதித்து இணைப்பைத் திரும்பக் கொடுங்கள். மற்ற முகவரிகளை, பதிவில் அந்தக் கடைசி பாக்கெட்டை அனுப்பியது எது என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.